கம்பளிக்குள் மாமா

போன வாரம், உத்தனப்பள்ளியில் எங்கள் வீட்டு வாசல். அக்கா புருஷன் தலையோடு கம்பளி போர்த்திக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே நான். சந்தைக்குப் போகிற ஜனம் நின்று பார்த்தது. ஓர் அம்மா கேட்டே விட்டார் – "என்ன, சளிக்கு வேது புடிக்கிறாரா?"

வேது இல்லை. விமானம்.

பெங்களூர் ஃப்ளையிங் கிளப்பில் நான் விமானம் ஓட்டக் கற்ற கதையை இந்தப் பக்கத்தில் நிறைய அளந்திருக்கிறேன். இப்போது ஒரு படி மேலே... கற்றுத்தருகிற ஆளாக மாறப் பார்க்கிறேன். அதிலும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டக் கற்றுத்தருகிறவன்.

மேகத்துக்குள் போனால் பூமி தெரியாது. விமானம் சாய்ந்திருக்கும், உடம்போ நேராகப் போகிறோம் என்று சத்தியம் செய்யும். அப்போது நம்ப வேண்டியது எதிரே இருக்கும் கருவிகளின் முட்களைத்தான். அதனால் பயிற்சியின்போது பின் ஸீட்டில் இருக்கும் மாணவனைத் துணிக் கூண்டு போட்டு மூடிவிடுவார்கள். வாத்தியார் முன் ஸீட்டில். ஒரு குழாய் வழியாகப் பேச்சு. பரீட்சையன்று பரிசோதகரே மாணவனாக உட்கார்ந்து, வேண்டுமென்றே தப்புத் தப்பாக ஓட்டுவார். நாம் வாயால் திருத்த வேண்டும். ஆபத்து என்றால் மட்டுமே கை.

என் கோளாறு அந்தக் கையில்தான். "நீ நன்றாக ஓட்டுகிறாய், அடுத்தவனைத்தான் ஓட்ட விடுவதில்லை" என்று கிளப்பின் தலைமை வாத்தியார் சொல்லிவிட்டார். இந்த முறையும், விமானத்தைச் சாய்த்துத் திருப்பும் அந்த ஸ்டிக்கைப் பிடுங்கினால், காலியாக இருக்கும் ஒரே வாத்தியார் வேலை வேறு ஆளுக்கு. எனக்கு? மாமாவின் தோட்டத்தில் தக்காளிக் கூடை.

அதனால்தான் இந்த ஒத்திகை. கம்பளிதான் கூண்டு. முறத்தில் கரியால் வரைந்த வட்டங்கள் கருவிகள். விளக்குமாற்றுக் குச்சிகள் முட்கள். மாமாவின் கையில் மோர் கடையும் மத்து – ஸ்டிக். முறத்தின் மேல் வெளிச்சம் விழ ஓர் இடுக்கு விட்டிருந்தேன். அந்த இடுக்கு வழியாக அவர் போகிற வருகிறவர்களிடம் தெலுங்கில் தக்காளி விலை பேசிக்கொண்டிருந்தார்.

குச்சியை இடப்பக்கம் சாய்த்தேன். விமானம் இடது பக்கம் திரும்புகிறது என்று அர்த்தம். வலப்பக்கம் சாய்த்து நிமிர்த்த வேண்டிய மாமா, மத்தையும் இடப்பக்கமே சாய்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கை போய் மத்தைப் பிடுங்கிவிட்டது. மறுபடி குச்சி. மறுபடி மத்து. மறுபடி என் கை...

கம்பளியிலிருந்து தலை வெளியே வந்தது. வியர்த்து ஊற்றியது.

"மாப்ள, நீயேதான் ஓட்டப்போறன்னா என்னை எதுக்கு உள்ள வெச்சு வேக வெக்கிற?"

உள்ளேயிருந்து அக்காவின் குரல்: "அவன் எப்பவும் அப்பிடித்தான். கையில இருக்கறத புடுங்கிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பான்."

யோசித்தால், உண்மை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மருந்து பாட்டிலா, பஸ் போர்டா, கோர்ட்டு நோட்டீஸா... எதுவானாலும் "இங்க குடு" என்று வாங்கிப் படித்தே வளர்ந்தவன். படித்த பிள்ளை என்று அவர்களும் விட்டுக்கொடுத்தார்கள். பிடுங்குவதை உதவி என்றே நினைத்திருந்தேன். நீங்களும் யாருக்காவது இப்படி உதவிக்கொண்டிருக்கிறீர்களா?

அக்கா ஓர் ஏற்பாடு செய்தாள். பக்கத்தில் அகப்பையோடு நிற்பாள். என் கை மத்துப் பக்கம் போனால் மணிக்கட்டில் ஒன்று விழும். இரண்டு மணிக்கட்டும் வீங்கித்தான் பெங்களூர் பஸ் ஏறினேன்.

பரீட்சை நாள். நல்ல உயரம். கூண்டுக்குள் பரிசோதகர் சமர்த்தாகத்தான் ஆரம்பித்தார். பிறகு இடது இறக்கை மெல்லச் சாய்ந்தது. மூக்கு இறங்கியது. இறக்கைக் கம்பிகளில் காற்று கத்த ஆரம்பித்தது. என் கை கிளம்பியது... மணிக்கட்டு வலித்தது. இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டேன்.

குழாயில் கேட்டேன் – "எந்த முள்ளைப் பார்க்க மறந்தீர்கள்?"

வேகம் இன்னும் ஏறியது. இன்னும் ஒரு மூச்சு நேரம் பார்ப்பது, அதற்குமேல் ஸ்டிக்கை எடுத்துவிடுவது என்று தீர்மானித்தபோது... இறக்கை நிமிர்ந்தது. மூக்கு எழுந்தது.

தரையிறங்கியதும் பரிசோதகர், கை எங்கே இருந்தது என்றார். முழங்காலில் என்றேன். கையெழுத்துப் போட்டார்.

ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினால், மாமா வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். பாஸ் என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. தானே ஜெயித்த மாதிரி, கம்பளிக்குள் பட்ட பாட்டையெல்லாம் பின்னால் திரும்பி எனக்கே விவரித்தார். கயிறு தொய்ந்தது. மாடுகள் மெல்ல இடப்பக்கம் ஒதுங்கின.

என் கை கிளம்பியது. இழுத்து முழங்காலில் வைத்துக்கொண்டேன்.

"மாமா, எந்தப் பக்கம் பாக்க மறந்தீங்க?" என்று பொறுமையாகக் கேட்டேன்.

அவர் யோசித்து முடிப்பதற்குள் சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிட்டது. இருவரும் இறங்கித் தோள் கொடுத்தோம். சேற்றைத் துடைத்தபடி மாமா சொன்னார்:

"இத மட்டும் புடுங்கியிருக்கலாமில்ல மாப்ள."