ஏந்தலு மாப்பிள்ளை

சங்கரன்கோவிலில் மூக்காண்டியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏந்தலு மாப்பிள்ளை' என்பார்கள். இளையரசனேந்தலில் இருந்து வந்து பெண்ணைக் கட்டிக்கொண்டு, திரும்பிப் போகாமல் மாமனார் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டவன் என்று அதற்கு அர்த்தம். கேட்க மரியாதை மாதிரி இருக்கும். உள்ளே ஒரு பொட்டு மரியாதை கிடையாது.

உட்கார்ந்தா தின்றான் மனுஷன்? எழுபதுகளின் நடுவில் மழை பொய்த்து, கரிசலில் போட்ட பருத்தி முளைக்காமலே மக்கிப் போனது. இருந்த புஞ்சைக் காட்டை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தான். "குளத்து வயலுக்கு ஆள் வேணும், வந்திருங்க மாப்ள" என்று மாமனார்தான் கூப்பிட்டார். வந்தான். வரப்பு வெட்டினான், நாற்றுக் கட்டுச் சுமந்தான், மடைத் தண்ணீருக்காக அடிவாங்கினான். அவன் உழைப்பில் விளைந்த நெல்லைத் தின்றுகொண்டே ஊர் அவனைக் கேலி பேசியது.

மாமனார் கண்ணை மூடியதும் வீடு மச்சான் சங்கரபாண்டியன் கைக்கு வந்தது. தங்கையின் புருஷனை மாப்ள என்று கூப்பிட அவன் நாக்கு வளையவில்லை. நாலு பேர் முன்னால் "ஏலே" என்றான். மடைத் தகராறில் மூக்காண்டி ஒரு நியாயம் சொன்னால், "வெளியூர்க்காரனுக்கு என்னலே பேச்சு? உங்க ஊர்ல போய்ப் பேசு" என்பான். மூக்காண்டியும் லேசுப்பட்டவன் இல்லை. வாய் திறந்து பதில் சொல்லமாட்டானே தவிர, மனசுக்குள் அந்த ஊரில் ஒருவரையும் அவன் உயிரோடு விட்டுவைக்கவில்லை.

அவனுக்காகப் பேசிய ஒரே ஆள் பெண்டாட்டி தங்கத்தாய். அண்ணன் என்றும் பார்க்கமாட்டாள். தெருவில் நின்று, "எம் புருசன என்ன சொன்ன? இன்னொருக்கா சொல்லு பாப்போம்" என்று சேலையை இழுத்துச் செருகுவாள். அவள் ஒருத்தி நின்றதால்தான் அவன் அந்த ஊரில் சோறு தின்றான்.

எண்பத்திரண்டில் ஆடித்தபசு முடிந்த கையோடு ராஜபாளையம் ரோட்டுப் பொட்டலில் கபடிப் போட்டி வைத்தார்கள். உள்ளூர் அணிக்குச் சங்கரபாண்டியன் கேப்டன். எப்போதும் எதிர்க்கட்டத்துக்குப் பாடிப்போகிற ராமசுப்புவுக்கு முதல் ஆட்டத்திலேயே கணுக்கால் பிசகிவிட்டது. வேறு ஆள் இல்லை. மூக்காண்டிக்குக் கபடி ஆடுகிற கால் உண்டு என்று சங்கரபாண்டியனுக்குத் தெரியும். இத்தனை வருஷமும் தெரிந்தேதான் கூப்பிடாமல் இருந்தான். இப்போது கூப்பிட்டான். அப்போதும் "ஏலே, டவுசர் இருக்கா?" என்றுதான் கேட்டான்.

மூக்காண்டி போனான். பாடிப் பாடி எதிரிகளை வெளியே உட்காரவைத்தான். கடைசி ஆட்டத்துக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்றது இளையரசனேந்தல் அணி.

அவர்கள் கேப்டன் பிச்சையா. மூக்காண்டியோடு ஒரே காட்டில் மாடு மேய்த்தவன். அவன் நடுவர் மம்மது சாரிடம் போய், "இவன் எங்க ஊர்க்காரன். அந்தப் பக்கம் ஆடக்கூடாது சார்" என்று ஆட்சேபம் கிளப்பினான். மம்மது சார் கடையநல்லூர்ப் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். இரண்டு ஊருக்கும் பொது ஆள். அவர் சங்கரபாண்டியனைப் பார்த்தார்.

"எங்க வீட்டு மாப்ள சார். எங்க ஊர்க்காரன். எவன்வே இல்லேங்கது?" என்று சங்கரபாண்டியன் கத்தினான். கூட்டமும் சேர்ந்து கத்தியது.

கோப்பைக்காகக் கத்துகிறார்கள் என்று மூக்காண்டிக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும் அந்த 'எங்க ஊர்க்காரன்' அவனுக்கு வேண்டியிருந்தது. ஜெயித்துக் கொடுத்துவிட்டால் இந்தச் சொல்லை இவர்கள் நாளைக்குத் திரும்ப எடுக்க முடியாது என்று நினைத்தான். அதற்காக எலும்பு முறிந்தாலும் சரிதான்.

மம்மது சார் மைக்கில் சட்டம் சொன்னார். "கபடி கபடின்னு மட்டும்தான் பாடணும். பழைய பாட்டு வாயில வந்தா அவுட்டு. ரெண்டு ஊருக்கும் சொல்லுதேன், பொறவு எங்கிட்ட சண்டைக்கு வரக்கூடாது." அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. கரிசல் ஊர்களில் அப்போதும் பழைய சடுகுடுதான். ஊருக்கு ஊர் ஒரு பாட்டு. அதைச் சொல்லி எதிரியை ஏசிக்கொண்டே கோட்டைத் தாண்டுவார்கள், மூச்சு முடியும்வரை கடைசிச் சொல்லையே சொல்லிக்கொண்டிருப்பார்கள். இளையரசனேந்தலில் நடக்கப் பழகும்போதே பையன்கள் அந்தப் பாட்டைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

ஆட்டம் சமமாகவே வந்தது. நேரம் முடிகிற கட்டம். மூக்காண்டி பாடிப்போனான். ஒருவனைத் தொட்டுத் திரும்பும்போது பிச்சையா கணுக்காலைப் பிடித்தான். இன்னும் இரண்டு பேர் மேலே விழுந்தார்கள். வாயெல்லாம் புழுதி. கோடு ஒரு கை தூரத்தில் இருந்தது. "கபடி கபடி" என்று தேய்ந்துகொண்டே வந்த மூச்சு ஓரிடத்தில் நின்றே போயிருக்க வேண்டும். எங்கிருந்தோ ஒரு பிடி மூச்சு வந்தது. அவன் மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு போய்க் கோட்டில் கையை வைத்தான்.

உள்ளூர்க்காரர்கள் துள்ளிக் குதித்தார்கள். சங்கரபாண்டியன் ஓடிவந்து அவனைத் தூக்கினான். மம்மது சார் விசிலை விடாமல் ஊதிக்கொண்டே இருந்ததை மூக்காண்டி அப்புறம்தான் கேட்டான்.

"அவுட்டு. பாயிண்டு அவங்களுக்கு, ஆட்டம் முடிஞ்சிட்டு" என்றார் மம்மது சார். "நீ என்ன பாடுனேன்னு உனக்குத் தெரியுமாவே?"

அவனுக்குத் தெரியவில்லை. பிச்சையாதான் தரையில் கிடந்தபடி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே அதைத் திருப்பிச் சொன்னான்.

"ஏந்தலு மண்ணு எங்க மண்ணு
எதுத்தவன் வாயில கரிசல் மண்ணு
கரிசல் மண்ணு கரிசல் மண்ணு..."

சங்கரபாண்டியன் தூக்கிய ஆளை அப்படியே கீழே போட்டான். இளையரசனேந்தல்காரர்கள் ஓடிவந்து, "நம்ம பயடா, நம்மள விட்டுக்கொடுக்கல பாத்தியா!" என்று தோளில் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று சுற்றினார்கள். அவன் காலை உதறினான், கையால் அடித்தான். அவர்கள் விடவில்லை. உள்ளூர்க்காரன் ஒவ்வொருவனும் அதைப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் தெருவே கூடியிருந்தது. சங்கரபாண்டியன் கோபத்தில் ஆடிக்கொண்டிருந்தான். "நம்ம சோத்தத் தின்னுட்டு அவனுவளுக்குப் பாடுதான்! வேணும்னே தோத்துக் குடுத்திருக்கான், துரோகிப் பய!"

தங்கத்தாய் வழக்கம்போலக் குறுக்கே நின்றாள். "வாய அளந்து பேசு அண்ணே. மூச்சு முட்டையில சின்ன வயசுப் பாட்டு வந்துட்டு. அவருக்கு அம்புட்டுக் கள்ளத்தனம் ஏது? வெவரம் பத்தாத மனுசன், பாவம். விட்டிரு."

ஊர் சொன்ன எதுவும் மூக்காண்டியை அப்படிச் சுட்டதில்லை. இத்தனை வருஷமாக அவள் தெருவில் இறங்கிச் சண்டை போட்டதெல்லாம் ஒரு பாவப்பட்டவனுக்காகத்தானா என்று நினைத்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. துரோகியாகவாவது இருந்து தொலைப்போம் என்று தோன்றியது.

"பாவமும் இல்ல, புண்ணியமும் இல்ல" என்றான். "வேணும்னுதான் பாடுனேன். உங்க ஊரு தோக்கணும்னுதான் பாடுனேன். என்ன செய்யணுமோ செய்யுங்க."

தங்கத்தாய் புருஷன் முகத்தையே பார்த்தாள். பொய் என்று அவள் கண்டுபிடித்துவிடுவாள், இவ்வளவு நாள் கூட இருந்தவளுக்கு இதுகூடவா தெரியாது என்று அவன் நம்பினான். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு நிமிஷம் அவனுக்கு இருந்தது. அவன் வாங்கவில்லை.

அவள் செருகியிருந்த சேலையை அவிழ்த்துவிட்டாள். இரண்டு எட்டு வைத்து அண்ணன் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.