நூற்றுக்குப் பதினொன்று

ஒராஸ்பெக் அண்ணனைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும், "யாரு, அந்தப் பூட்டா?" என்று சிரிப்பார்கள். போக்கரில் இரண்டு சீட்டு கைக்கு வந்ததும் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுதான்: ஆட்டத்தில் இறங்குவதா, வீசிவிடுவதா. அண்ணன் வீசிவிடுவார். ராணியும் பத்தும் வந்தாலும் வீசுவார். நூறு தடவை சீட்டு வந்தால் பதினோரு தடவைதான் இறங்குவார். மற்ற நேரமெல்லாம் குர்த் என்கிற புளித்த தயிர் உருண்டையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கணினித் திரையைப் பார்த்தபடி இருப்பார். அந்தக் கல் உருண்டை கரைய அரை மணி நேரம் ஆகும். அதுவரை ஒரு கைகூட ஆடாமல் இருந்த நாட்கள் உண்டு.

அலுவலகம் என்பது பெரிய பேச்சு. கரகண்டா நகரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, நான்காவது மாடியில், மூன்று அறை வீடு. இணையத்தில் போக்கர் ஆடுவதற்கான பணம் ராடிக் என்பவருடையது. ஜெயிப்பதில் பாதி அவருக்கு, பாதி ஆடுகிறவருக்கு. பன்னிரண்டு பேர் காலையில் வந்து உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்திருப்பார்கள். அவர்களுக்கு நான் பயிற்சியாளர், பெயர் ஜாஸிரா. அண்ணனைவிடப் பதினேழு வயது சின்னவள். கணிதத்தில் பட்டம் வாங்கியவள் என்ற திமிர் எனக்கு நிறையவே உண்டு. அதை மறைத்தால் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

அண்ணன் பக்கத்து ஊரான தெமிர்தாவில், இரும்பாலையில் பத்தொன்பது வருஷம் கிரேன் ஓட்டியவர். அந்த வேலையில் ஒரு வழக்கம் இருக்கிறது. கூரைக்கு அடியில் கூண்டில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கீழே சுமை எங்கே உரசுகிறது, யார் நிற்கிறார்கள் என்று சரியாகத் தெரியாது. தரையில் ஒருவன் கை காட்டுவான். அவன் தூக்கு என்றால் தூக்க வேண்டும், இறக்கு என்றால் இறக்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஒருமுறை மணி அடிக்கலாம். மறுபடியும் அதே கையைக் காட்டினான் என்றால் பேச்சே கிடையாது. பொறுப்பு அவனுடையது. அப்படிப் பழகிய மனிதர் அண்ணன். வலது காது முழுக்கப் போனதும் மருத்துவக் குழு அவரைக் கூண்டிலிருந்து இறக்கியது. அதற்குப் பிறகு காவலாளி வேலைக்குக்கூட ஆறு இடத்தில் கேட்டார். கூப்பிட்டால் திரும்பாத காவலாளியை எவன் வைத்துக்கொள்வான்? போக்கருக்குக் காது வேண்டாம். அதனால்தான் எங்களிடம் வந்தார்.

அவர் மனைவி குல்யாஷுக்கு விஷயம் தெரியும். அக்கம்பக்கத்தில் மட்டும் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி வைத்திருந்தார்கள். சூதாடி என்று பெயர் வந்தால் வீட்டுக்கு உயாத், அதாவது நாலு பேர் முன் தலைகுனிவு. வயதுக்கு வந்த இரண்டு பெண்கள் இருக்கும் வீடு.

பிரச்சினை என்னவென்றால், அண்ணன் தோற்கவில்லை, ஆனால் ஜெயிக்கவும் இல்லை. அவர் இறங்கினால் நல்ல சீட்டுதான் என்று எதிராளிகளுக்குத் தெரிந்துவிட்டது. அவர் பந்தயம் கட்டியதும் மேஜையே காலியாகிவிடும். அக்டோபர் கடைசியில் ராடிக் அவரைக் கூப்பிட்டு, நூற்றுக்கு இருபது கை ஆட வேண்டும், நவம்பர் முடிவதற்குள் லாபம் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார். அண்ணன் நேராக என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, எனக்கு வேற போக்கிடம் இல்ல. எந்தெந்தச் சீட்டுக்கு இறங்கணும்னு ஒரு தாள்ல போட்டுக் கொடு. அப்படியே ஆடிடறேன்."

போட்டுக் கொடுத்தேன். பதிமூன்றுக்குப் பதிமூன்று கட்டம், இறங்க வேண்டியதெல்லாம் பச்சை. மேஜையில் முறை முதலில் வந்தால், நடுவில் வந்தால், கடைசியில் வந்தால் என்று இடத்துக்கு ஒரு படம். புதிதாக ஒன்றும் போடவில்லை, எல்லோருக்கும் கொடுப்பதைத்தான் கொடுத்தேன். அவர் அதைச் சுவரில் ஒட்டி, விரல் வைத்துப் பார்த்துப் பார்த்து ஆடினார். ஆஸும் அஞ்சும் வந்தால் இறங்கினார். ஜாக்கியும் ஒன்பதும் வந்தால் இறங்கினார். ஒவ்வொரு முறையும் பச்சைத் தண்ணீரில் கால் வைப்பவர் மாதிரி தோளைச் சுருக்கிக்கொள்வார். பூட்டு திறந்துவிட்டது என்று மற்றவர்கள் கை தட்டினார்கள். நானும் சேர்ந்து தட்டினேன்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ வந்து ஒரு சந்தேகம் கேட்டார். "தங்கச்சி, நான் முன்னாடியே இறங்குறேன், எனக்கு அப்புறம் இன்னும் ஆறேழு பேர் முடிவு சொல்லணும். அதுல ஒருத்தன்கிட்டகூடவா நல்ல சீட்டு இருக்காது?"

எனக்கு எரிச்சல். பழைய பயம் இன்னும் போகவில்லை என்றுதான் நினைத்தேன்.

"தாள்ல என்ன இருக்கோ அத ஆடுங்கண்ணே. கணக்க நான் பார்த்துக்கறேன்."

அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. மணி அடித்தாயிற்று, மறுபடியும் அதே கையைக் காட்டியாயிற்று. மூன்று வாரத்தில், எங்களிடம் வந்த இரண்டு வருஷத்தில் தோற்காத தொகையைத் தோற்றார். பனிப்புயலில் தெமிர்தாவ் சாலை மூடியிருந்த அன்றைக்கும் யார் லாரியிலோ தொற்றிக்கொண்டு வந்து, தாளைப் பார்த்து ஆடித் தோற்றார்.

கடைசி வாரம் அவர் ஆட்டப் பதிவுகளைத் திறந்து வரிசையாகப் பார்த்தேன். முதல் வாரமே பார்த்திருக்க வேண்டும். நான்காவது கையிலேயே தவறு தெரிந்துவிட்டது. எங்கள் ஆட்கள் எல்லோரும் ஆடுவது ஆறு பேர் உட்காரும் மேஜை. அண்ணன் மட்டும் ஆரம்பத்திலிருந்தே ஒன்பது பேர் மேஜையில் ஆடியிருக்கிறார். ஆறு பேருக்கு நடுவில் துணிந்து ஆடக்கூடிய சீட்டு, ஒன்பது பேருக்கு முன்னால் வெறும் குப்பை. பின்னால் இருப்பவர்களில் யாராவது ஒருவனிடம் அதைவிட நல்லது இருந்தே தீரும். அவர் கேட்டதும் இதைத்தான். ராடிக் சொன்ன இருபதும் ஆறு பேர் மேஜைக் கணக்கு, நான் கொடுத்த தாளும் ஆறு பேர் மேஜைத் தாள். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கிய கதையாக, அந்த மனிதர் என்னை நம்பி இறங்கியிருக்கிறார்.

ராடிக்கின் அறை வாசல் வரை போனேன். தப்பான பாடத்தால் வரும் நஷ்டம் பயிற்சியாளர் தலையில் என்பது எங்கள் ஒப்பந்தம். வேலையும் போகும். உள்ளே ராடிக் யாரிடமோ போனில், டிசம்பர் ஒன்றிலிருந்து அந்த இடம் உங்களுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். அது சமாதானம் இல்லை, பயம்.

நவம்பர் முப்பதாம் தேதி மதியம் அண்ணன் விடைபெற்றார். புறப்படுகிறவர் ரொட்டியில் ஒரு துண்டாவது வாயில் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது எங்கள் முறை. சமையலறையில் எல்லோரும் கூடினோம். அவர் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, பொதுவாகச் சொன்னார்:

"ஜாஸிரா மேல ஒரு குறையும் இல்ல. அது சரியாத்தான் சொல்லிக் கொடுத்துச்சு. எனக்குத்தான் கை வரல."

எல்லோரும் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். அப்படி ஒரு அவமானத்தை நான் அதற்கு முன்பு பட்டதில்லை. அவர் படியிறங்கியதும் சரியான தாளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் பிடித்து, கேட்கிற காதுப் பக்கமாக நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு இடமாக விரலை நகர்த்தினார். அவர் முன்பு ஆடிய சீட்டுகள் எல்லாமே அதில் பச்சையாக இருந்தன.

"மொத்தம் எத்தனை வருது?"

"நூத்துக்குப் பதினஞ்சுண்ணே."

"நான் பதினொண்ணு ஆடிட்டிருந்தேன்."

"ஆமாண்ணே."

"அப்ப நாலுதான் குறைச்சல்."

ராடிக்கிடம் போய்ச் சொல்லட்டுமா என்று அவரிடமே கேட்டேன்.

அவர் தாளை நாலாக மடித்து என் கையில் வைத்தார்.

"இதையும் நான்தான் சொல்லணுமா, தங்கச்சி?"

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கிப் போனார். பேருந்து வர இருபது நிமிஷம் இருந்தது. ராடிக்கின் அறை இரண்டு மாடி மேலே. அந்த இருபது நிமிஷமும் நான் படியிலேயே நின்றேன். அண்ணனின் இடத்துக்கு வந்தவரும் ஒன்பது பேர் மேஜைதான்; அவருக்கு முதல் நாளே ஒன்பது பேர் தாளைக் கொடுத்துவிட்டேன். ராடிக்கிடம் இன்றுவரை சொல்லவில்லை.