என் ஊருக்கு வரக் காரணம் கேட்டவர்

ரோட்டர்டாமில் யார் வீட்டுக்குப் போனாலும் கக்கூஸ் சுவரில் ஒரு காலண்டர் தொங்கும். அதில் கிழமை இருக்காது. தேதிகளுக்கு நேரே ஆட்களின் பெயர்களை மட்டும் பேனாவால் எழுதி வைத்திருப்பார்கள். சொந்தக்காரர்களின் பிறந்தநாள் மறந்துவிடக்கூடாது என்று, தினமும் தவறாமல் போய் உட்காருகிற இடத்தில் மாட்டியிருக்கிறார்களாம். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. எங்கள் தெருவில் ஒரு பெயரையும் தேதியையும் சேர்த்துச் சுவரில் எழுதினால் அந்த ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். ஆகவே நான் கட்டிக்கொள்ள நினைத்த எல்ஸின் அண்ணன் ஹெங்க் வீட்டுக்கு முதல் தடவை போனபோது, கக்கூஸில் நின்றபடி அந்தப் பெயர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு 'அருள் நிறைந்த மரியே' சொன்னேன். வெளியே வர நேரமாயிற்று. வயிற்றுக்கு என்ன என்று ஹெங்க் கேட்டார். வயிறு நன்றாக இருக்கிறது, உங்கள் குடும்பத்தில் இறந்தவர்களுக்காக ஜெபித்தேன் என்றேன். யாருக்கெல்லாம் என்றார். "மார்ச் மாதத்தில் ஹெங்க் என்று ஒருவர். உங்கள் பெயர்தான். தாத்தாவா?" என்று கேட்டேன். அவர் காப்பிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை, அடுத்த ஒரு வருடத்துக்கு மாறவே இல்லை.

நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. எல்ஸ் நான் சட்டி கழுவிய துறைமுக கேன்டீனில் காப்பி ஊற்றுகிறவள். என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் என்று அவளே சொல்லிவிட்டாள், ஆனால் அண்ணன் சம்மதிக்காமல் முடியாது என்றாள். அந்த நாட்டுப் பெண்கள் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை என்று கப்பலில் எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். இவள் கேட்டாள். தகப்பன் செத்தபிறகு அவளை வளர்த்தவர் ஹெங்க். அதற்காகவே அவர் கல்யாணம் முடிக்காமல் இருந்துவிட்டார் என்று பேச்சு. அவர் கிரேன் ஓட்டுகிறவர். அந்த ஊர்க்காரர்கள் எல்லோரையும் போல மனதில் இருப்பதை அப்படியே சொல்லிவிடுவார். "உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. எந்தத் துறைமுகத்திலிருந்து வந்தது என்று தெரியாத பெட்டியை நான் இறக்குவதில்லை. அவ்வளவுதான்," என்றார்.

அப்படியானால் எங்கள் துறைமுகத்துக்கு வந்து பாருங்கள் என்றேன். எங்கள் பக்கத்தில் யாரையாவது ஊருக்கு அழைத்தால், எப்ப வரட்டும் என்று கேட்பார்கள். ஹெங்க் எதற்கு என்று கேட்டார். டிராவல் ஏஜென்சிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார்களே, கலைக்கும் கப்பலுக்கும் பேர்போன நகரம், இன்னின்ன காரணங்களுக்காக இங்கே வாருங்கள் என்று, அதுபோல எனக்கும் காரணம் சொல் என்றார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். உப்பளத்தில் பாத்தி மிதித்து, தோணியில் கொழும்புக்கு மூட்டை ஏற்றி, சங்கு குளித்து, கடைசியில் ஒரு கிரேக்கக் கப்பலில் சமையல்காரனுக்கு எடுபிடியாகி வந்தவன். ஊரைவிட்டு ஓடக் காரணம் கேட்டிருந்தால் வரிசையாகச் சொல்லியிருப்பேன். ஊருக்கு வரக் காரணம் என்னை யாரும் அதுவரை கேட்டதில்லை. யோசித்து மூன்று சொன்னேன். பெரிய கப்பல்கள் கரையோடு வந்து நிற்கும் புதுத் துறைமுகம், முத்து, மாதா கோயில் தேர். தேர் எப்போது என்று கேட்டார். கோயில் திருவிழா ஆகஸ்டில், ஆனால் பெரிய தேரை எல்லா வருடமும் இழுப்பதில்லை என்றேன். அவருக்கு லீவு கிடைத்தது ஜனவரியில். ஆக, புறப்படும்போதே கையில் இருந்தது இரண்டு காரணங்கள்தான்.

பம்பாயில் இறங்கி, ரயில் மாறி மாறி, கரித்தூள் அப்பிய முகத்தோடு மூன்று பேரும் தூத்துக்குடி வந்து சேர்ந்தோம். அக்கா வீட்டில் தங்கினோம். கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி ஓட்டு வீடு. எல்ஸை அக்கா முதல் நாளே எல்சி ஆக்கி, சமைக்கக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஹெங்க்தான் பாடுபட்டார். தட்டில் வைத்ததை மிச்சம் விடாமல் தின்பது அவர்கள் மரியாதை. காலித் தட்டைக் கண்டால் இன்னும் போடுவது எங்கள் மரியாதை. இரண்டு மரியாதைக்கும் நடுவில் அந்த மனிதர் வியர்த்துக்கொண்டிருந்தார். ஆனால் காப்பிக்கு அக்கா மக்ரூன் டப்பாவை நீட்டியபோது கதை திரும்பியது. அவர்கள் ஊரில் ஒரு காப்பிக்கு ஒரு பிஸ்கட்தான். ஹெங்க் ஒன்றை எடுத்தார், அடுத்தவருக்கு உதவியாக மூடியையும் தாமே அழுத்தி மூடி வைத்தார்.

"ஏலே ராயப்பா, ஒண்ணத் தின்னுட்டு மூடி வச்சிட்டாரே. நமுத்துப் போச்சோ?" என்றாள் அக்கா.

"இல்லக்கா, அவங்க ஊர்ல ஒண்ணுதான் எடுப்பாவ."

"ஒண்ணு எடுக்கதுக்கா விமானம் ஏறி வந்தாரு? இவரு தங்கச்சியக் குடுக்க மாட்டாருலே. எனக்குத் தெரிஞ்சி போச்சி."

மறுநாள் புதுத் துறைமுகத்துக்குப் போனோம். வாசலில் காவல்காரர் பாஸ் கேட்டார். இவர் வெளிநாட்டில் இதே வேலை பார்க்கிறவர், கிரேனைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்றேன். "கிரேனு அவுக ஊர்ல இல்லையா அண்ணாச்சி?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. உள்ளே விடாததால், ரோட்டோரத்தில் உப்புக் குவியல்களுக்கிடையே நின்று, மதிலுக்கு மேலே தெரிந்த கிரேன் கழுத்துகளை ஹெங்க் ரொம்ப நேரம் பார்த்தார். தம் ஊரில் தினமும் பார்ப்பது அதையேதான் என்று சொல்லாமல் இருந்தது அவருடைய பெருந்தன்மை.

பிறகு முத்து. முத்துக்குளிப்பு நின்று பல வருடமாகிவிட்டது. சிப்பி விளையவில்லை என்று சர்க்கார் சிப்பி கிடக்கும் கடலடிப் பாரைப் பக்கமே யாரையும் விடுவதில்லை. அது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். ஆனாலும் முத்துநகர் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிற ஊரில் காட்டுவதற்கு ஒரு முத்தாவது இருக்கும் என்று நம்பினேன். கடைக்கார அண்ணாச்சி வெல்வெட் துணியை விரித்து ஒரு சரத்தை எடுத்து வைத்தார். ஹெங்க் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "இந்தக் கடலில் எடுத்ததா என்று கேள்" என்றார். கேட்டேன்.

"பேரு நம்ம ஊரு பேரு தம்பி. சரக்கு ஜப்பான்லருந்து வருது," என்றார் அண்ணாச்சி. மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. ஜப்பான் என்ற சொல் ஹெங்குக்குப் புரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அவர் வாசல்படியில் உட்கார்ந்து, "ராய், நீ சொன்ன காரணங்கள் முடிந்துவிட்டன," என்றார். கோபமில்லாமல், சரக்கு இறக்கி முடிந்தது என்று சொல்வதுபோலச் சொன்னார். எல்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளில் திரும்ப ரயில். இத்தனை ஊர் அலைந்ததில் பட்டினி கிடந்திருக்கிறேன், கப்பலின் அடித்தளத்தில் காய்ச்சலோடு படுத்திருக்கிறேன். அதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தோன்றியதில்லை. சொந்த ஊரைக் காட்டித் தோற்பேன் என்று நினைக்கவில்லை, அது உறைத்தது. அக்காதான் குசினியிலிருந்து குரல் கொடுத்தாள். "கரையில காட்டுததுக்கு நம்மகிட்ட என்னலே இருக்கு? சூசை அண்ணாச்சி காலையில சங்கு குளிக்கப் போறாரு. அந்த வள்ளத்துல கூட்டிட்டுப் போ."

விடியும் முன் கரைக்காற்றில் பாய் விரித்துப் போனோம். பெண்களை வள்ளத்தில் ஏற்றும் வழக்கம் இல்லாததால் எல்ஸ் அக்காவோடு கரையில் நின்றாள். சூசை அண்ணாச்சி அந்த வள்ளத்துக்குத் தண்டல், அதாவது தலைவர். நான் சங்கு குளித்த காலத்தில் அவர் வள்ளத்தில்தான் இருந்தேன். வெயில் ஏறியதும் அவருடைய ஆட்கள் நாலு பேரும் ஒவ்வொருவராகக் குதித்து, சங்கோடு மேலே வந்து, மூச்சு வாங்கி, மறுபடி போனார்கள். ஹெங்க் முதல் தடவையாக வாய் பிளந்து பார்த்தார். நீயும் இப்படிச் செய்திருக்கிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். செய்து காட்டு என்றார்.

சட்டையைக் கழற்றினேன். சூசை அண்ணாச்சி என் வயிற்றைப் பார்த்தார்.

"ஏலே, இத்தன வருசமா சட்டி கழுவிச் சாப்பிட்ட ஒடம்பு. மூச்சு எங்கன இருக்கு ஒனக்கு?"

"கொஞ்சம் இருக்கு அண்ணாச்சி."

"சும்மா குதிச்சீன்னா ஒங்க அக்காவுக்கு நான் பதில் சொல்ல முடியாது. முத்துக் குளிக்க மாதிரி காலுக்குக் கல்லு, இடுப்புக்குக் கயிறு. கட்டுதியா, கரைக்குத் திருப்பட்டுமா?"

கட்டிக்கொண்டேன். கயிற்றின் மறு முனையை யாரும் வாங்கவில்லை. பழகிய ஆட்கள் எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். எனக்கு விஷயம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. குளிக்கிறவனின் கயிற்றை அவன் மச்சான்தான் பிடிக்கவேண்டும், பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். மற்றவர்கள் தொடமாட்டார்கள்.

சூசை அண்ணாச்சி கயிற்றை ஹெங்கின் முன்னால் நீட்டினார். "அண்ணன் தம்பி பிடிச்சான்னா, சொத்துல ஒரு பங்கு கொறையட்டுமேன்னு லேசா அசந்துருவான். மச்சான்தான் தங்கச்சி தாலிய நெனச்சிப் பிடிப்பான். இவர்தான பொண்ணுக்கு அண்ணன்? பிடிக்கச் சொல்லு."

"இன்னும் கல்யாணம் ஆகல அண்ணாச்சி."

"ஆகுமா ஆகாதான்னு கேட்டுச் சொல்லு. ஆகாதுன்னா கயித்த அவுத்துரு. யாரும் இல்லாதவனுக்கு யாரு பிடிப்பா?"

ஒரு வருடமாக நானும் எல்ஸும் மறுபடி கேட்கப் பயந்த கேள்வியை அவர் வெற்றிலை போட்டுக்கொண்டே கேட்டுவிட்டார். எனக்குத் தெரிந்த உடைந்த டச்சில் ஹெங்கிடம் சொன்னேன். முழுவதையும் சொன்னேன், சொத்துப் பங்கு உட்பட. அவர் கிரேனுக்கு அடியில் நிற்கும் ஆளிடம் கேட்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"நான் கயிற்றை விட்டுவிட்டால்?"

"எல்ஸ் விதவை."

"கல்யாணமே ஆகவில்லை. எப்படி விதவை ஆவாள்?"

"அதைத்தான் தண்டலும் கேட்கிறார்."

அவர் கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு தூரத்தில் எல்ஸ் எங்கே தெரியப்போகிறாள். கோயில் கோபுரம் மட்டும் குண்டூசி போல நின்றது. பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். கயிற்றை வாங்கித் தம் இடுப்பில் ஒரு சுற்று சுற்றி, காலைப் பலகையில் முட்டுக் கொடுத்து நின்றார். "சைகை என்ன?" என்றார். நான் ஒரு இழுப்பு இழுத்தால் தூக்கவேண்டும் என்றேன். "சரி," என்றார். அவர் முகத்தில் வேறு எதுவும் தெரியவில்லை. சூசை அண்ணாச்சி மட்டும் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "மச்சான் நல்லாத்தான் நிக்காரு," என்றார்.

கல்லோடு இறங்கினேன். காது அடைத்தது, தண்ணீர் குளிர்ந்தது, மணல் தெரிந்தது. மணலில் சங்கு ஊர்ந்துபோன தடம் தெரிந்தது. கையை நீட்டினேன். இடுப்பை யாரோ வெட்டியதுபோல இருந்தது. கண் திறந்தபோது வெயிலில் இருந்தேன்.

"என்னலே, போன வேகத்துல வந்துட்ட?"

"நான் இழுக்கல அண்ணாச்சி. அவரு தூக்கிட்டாரு."

ஏன் என்று ஹெங்கைக் கேட்டேன். நேரமாகிவிட்டது என்றார். ஆகவில்லை, சைகைக்குக் காத்திருக்க வேண்டும் என்றேன். காத்திருப்பதாகச் சொன்னார். இரண்டாம் முறை தடத்தைத் தேடுவதற்குள் மேலே வந்துவிட்டேன். மூன்றாம் முறை கால் தரையைத் தொடவே இல்லை. சைகை இல்லாமல் ஒரு பெட்டியைக்கூடத் தூக்காத மனிதர் என்று துறைமுகத்தில் பெயர் வாங்கியவர், முகம் வெளுத்துப்போய், உள்ளங்கை உரிந்து, என்னை மீன் மாதிரி உள்ளே இழுத்துப் போட்டார். ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ஏலே ராயப்பா, கல்யாணச் சோத்துக்கு ஆடு பாரு," என்றார் சூசை அண்ணாச்சி. "இவரு ஒன்னச் சாவ விடமாட்டாரு. ஆனா இந்தக் கயிறு இருக்க மட்டும் ஒனக்குச் சங்கு கிடையாது."

அதை நான் ஹெங்குக்கு மொழிபெயர்த்தேன். கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டேன். அவர் உரிந்த கையை ஊதிக்கொண்டு, ஆட்டுக்கறி அவ்வளவாகப் பிடிக்காது, கோழி முடியுமா என்று கேட்டார்.

கல்யாணம் முடிந்து இப்போது ரோட்டர்டாமில் இருக்கிற என்னிடம், எப்போது ஊர் திரும்புவாய் என்று ஊரிலிருந்து கேட்டு எழுதுகிறீர்கள். இங்கே உள்ளவர்களும் அதையே வேறு தொனியில் கேட்கிறார்கள். இரு தரப்புக்கும் சொல்ல என்னிடம் இருப்பது அந்தக் காலையின் நாலாவது முழுக்குத்தான். கெஞ்சிக் கேட்டு இன்னொரு முறை இறங்கினேன். இந்தத் தடவை ஹெங்க் கயிற்றை ஒரேயடியாக விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஓரிடத்தில் பிடித்துக்கொண்டார். நான் பிறந்த கடலின் மணல் காலுக்குக் கீழே ஒரு முழத்தில் தெரிந்தது. விரலை நீட்டிப் பார்த்தேன், எட்டவில்லை. கயிறு விறைத்து நின்றது. அவர் தூக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை. நானும் சைகை கொடுக்கவில்லை. மூச்சு இருந்த மட்டும் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தேன்.