இடது இறக்கையின் எடை

எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் கார் நின்று நான் பார்த்ததே இல்லை. நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம் முழுக்க அதில் ஒரு விமானம் நின்றது. இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் பொம்மை விமானமா என்று கேட்பார்கள். இல்லை, இரண்டு பேர் உட்கார்ந்து பறக்கிற நிஜ விமானம் என்பேன். "விட்டா கப்பலும் நின்னுச்சும்பே" என்று அத்தை மகன் ஒருமுறை சொன்னான். கப்பல் நிற்கவில்லை. விமானம் நின்றது.

அப்போது நாங்கள் அஜ்மானில், மாடியில்லாத ஒரு பழைய வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு ஷார்ஜாவில் விமானங்களைப் பழுதுபார்க்கிற ஹாங்கரில் டூட்டி. அடிபட்ட தகட்டை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து ரிவெட் ஆணி அடிப்பது அவர் வேலை. தூத்துக்குடிப் பக்கம் எங்கள் சொந்தக்காரர்கள் அப்பா விமானம் ஓட்டுகிறார் என்றே நம்பியிருந்தார்கள். அம்மா மட்டும் கேட்பவர்களிடம், "பிளேனுக்கு ஒட்டுப் போடுதாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள்.

அந்தக் குட்டி விமானம் ஒரு கேப்டனுடையது. கோவாக்காரர். சென்னையில்தான் பறக்கக் கற்றுக்கொண்டாராம், அதனால் ஒரு மாதிரித் தமிழ் பேசுவார். பெரிய விமானங்களை ஓட்டி ஓய்வு பெற்றபின், சும்மா இருக்க முடியாமல் தானே பாகம் பாகமாகச் சேர்த்துச் செய்தது அது. உம்முல் குவைன் பக்கம் ஒரு சின்ன ஓடுதளத்தில் கட்டிப் போட்டிருந்தபோது ஒரு நாள் மணற்காற்று அதைப் பிடுங்கிப் புரட்டிவிட்டது. இடது இறக்கை பொரித்த அப்பளத்தை மிதித்தது போல ஆகிவிட்டது. அவர் குடியிருந்தது ஷார்ஜாவில் ஏழாவது மாடி. அங்கே விமானத்தை எங்கே வைப்பது? அப்பாவிடம் வந்தார். அப்பா அம்மாவைக் கேட்காமலேயே சரி என்றார். ஒரு வெள்ளிக்கிழமை, இறக்கைகளைத் தனியாகக் கழற்றி, லாரியில் அது எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியது.

விமானம் என்றால் மலை போல இருக்கும், அதைத் தொட முடியாது என்று நினைத்திருந்தேன். இதன் வால் என் தோளுயரம்தான் இருந்தது. உடம்பைக் கட்டைவிரலால் அழுத்தினேன். டொக் என்று உள்ளே போய், டொக் என்று திரும்பி வந்தது. அம்மா மாவு வைத்திருக்கும் தகர டின்கூட அதைவிடக் கெட்டி. இது எப்படிப்பா பறக்கும் என்று கேட்டேன். அப்பா யோசித்துவிட்டு, "நாம தப்பு பண்ணாம இருந்தா பறக்கும்" என்றார். அன்று முதல் அந்த ஷெட்டுக்குள் நான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவேன். யாரும் சொல்லவில்லை, எனக்கே அப்படித் தோன்றியது.

தப்பு பண்ணாமல் இருப்பதற்கு அப்பா ஒரு பலகை வைத்திருந்தார். சுவரில் மாட்டிய வெள்ளைப் பலகை. ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் அதில் கறுப்பு மையால் வரைந்து, அந்தந்த உருவத்தின் மேல் அந்தந்தக் கருவியைத் தொங்கவிட்டிருப்பார். சாயங்காலம் வேலை முடிந்ததும் பலகையைப் பார்ப்பார். ஒரு உருவம் வெறுமையாகத் தெரிந்தாலும் அந்தக் கருவி கிடைக்கிறவரை வீட்டில் யாருக்கும் சாப்பாடு கிடையாது. இறக்கைக்குள் ஒரு ஸ்க்ரூ டிரைவர் கிடந்து, அது ஆகாயத்தில் நகர்ந்து, திருப்புகிற கம்பிக்கு நடுவில் சிக்கிக்கொண்டால் ஓட்டுகிறவர் கதி அவ்வளவுதான். "ஆகாசத்துல ரோட்டோரம் கிடையாது ஏட்டி, ஒதுக்கி நிறுத்திப் பாக்கதுக்கு" என்பார். ஹாங்கரிலும் அப்படித்தான், பன்னிரண்டு வருஷத்தில் தன் பலகையில் ஒரு ஓட்டைகூட விழுந்ததில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

ரிவெட் அடிப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. வெளியே ஒருவர் துப்பாக்கி மாதிரி ஒரு சுத்தியலை வைத்து டர்ர்ர் என்று அடிப்பார். உள்ளே ஒருவர் இரும்புக் கட்டையை ரிவெட்டின் வாலுக்கு முட்டுக்கொடுத்துப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் வால் நசுங்கித் தலையாகும். அப்பாவின் கூட்டாளி ஒருவர் லீவு நாட்களில் வந்து கட்டை பிடித்தார். நல்ல ஆகிருதியான மனிதர். இறக்கையின் கடைசித் தகட்டை மூடுகிற கட்டம் வந்தபோதுதான் சிக்கல். உள்ளே கை விட இருந்ததே ஒரு சின்ன ஓட்டை. அவர் கை நுழையவில்லை. அப்பாவின் கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. என் கை நுழைந்தது, ஆனால் பாதி தூரம்தான் எட்டியது.

வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "இங்க கொண்டாங்க, ஊறுகாய்ச் சாடியில விடுத கைதானே" என்று வளையலைக் கழற்றினாள். முழங்கையைத் தாண்டி, தோள்வரை போயிற்று.

அப்புறம் நான்கு வெள்ளிக்கிழமைகள் அப்பா வெளியே, அம்மாவின் கை உள்ளே. கடைசி மூலைக்கு அந்தக் கட்டை வாகாக இல்லை என்று அம்மா ஒரு தரம் முணுமுணுத்தாள். சத்தத்தில் பேச்சு கேட்காது. ரிவெட் சரியாக உட்கார்ந்தால் அம்மா உள்ளிருந்து ஒரு தட்டு தட்டுவாள், சரியில்லை என்றால் இரண்டு தட்டு. வீட்டில் இருவரும் ஒரு பேச்சுக்கு ஒன்பது பேச்சு பேசுகிறவர்கள். அங்கே அப்படி ஒரு அமைதியான சம்பாஷணை. அப்பா கண்ணாடியை உள்ளே விட்டு டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, எல்லாத் தலையும் வரிசையாக மொச்சைக்கொட்டை உரித்து வைத்தது மாதிரி இருக்கிறது என்று அசந்துபோய்ச் சொன்னார். கேப்டனிடம் சொன்னார். ஹாங்கரில் சொன்னார். ஊருக்குப் போன் போட்டு என் மாமாவிடமும் சொன்னார். சாப்பாட்டில் உப்பு தூக்கல் என்பதைத் தவிர அம்மாவைப் பற்றி வெளியாரிடம் அவர் எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த நாட்களில் அம்மா அடுக்களையில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

இறக்கையை மூடி முடித்த மறுநாளிலிருந்து அந்தப் பாட்டு நின்றுபோனது. சாப்பாடும் சரியாக இறங்கவில்லை. கேட்டால் விரதம் என்றாள். எந்தச் சாமிக்கு என்று கேட்டேன், எல்லாச் சாமிக்கும் என்றாள். அப்பா பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கும்போது ஷெட்டு வாசல்வரை வருவாள், நிற்பாள், திரும்பிப் போய்விடுவாள்.

இரண்டு வாரம் கழித்து எடை போடுகிற நாள் வந்தது. விமானத்தை எடை போடாமல் பறக்கவிட மாட்டார்களாம். ஆள் ஏறி நிற்கிற எடை மெஷின்கள் நான்கைக் கேப்டன் கொண்டுவந்திருந்தார். இறக்கைகளைத் தனித்தனியாகத் தூக்கி வைத்துப் பார்த்தார்கள். வலதைவிட இடது முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருந்தது. புதுத் தகடு, புது பெயின்ட், காற்றின் வேகம் அளக்கிற குழாயும் இந்தப் பக்கம்தான், அதனால் அப்படி இருக்கலாம் என்று அப்பா சொன்னார். கேப்டனும் ஒத்துக்கொண்டு நோட்டில் எழுதிவிட்டார். வரும் வெள்ளிக்கிழமை ஓடுதளத்துக்குக் கொண்டுபோய் மாட்டி, அதற்கடுத்த வெள்ளி அவர் தனியாக ஏறிப் பார்ப்பதாகத் திட்டம்.

அம்மா டீ கொண்டுவந்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, யாரையும் கேட்காமல் வலது இறக்கையின் நுனியை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள். பிறகு இடதைத் தூக்கினாள்.

அம்மாவின் கையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அக்கம்பக்கத்தில் யார் ஊருக்குப் புறப்பட்டாலும் அட்டைப்பெட்டியைக் கயிறு கட்டுமுன் அம்மாவிடம் கொண்டுவந்து விடுவார்கள். அம்மா ஒரு தரம் தூக்கிப் பார்ப்பாள். இருபத்தொன்பதரை, தைரியமாகப் போங்கள் என்பாள். அல்லது ஒரு பேரீச்சம்பழ டப்பாவை எடுத்துவிடுங்கள் என்பாள். ஏர்போர்ட் தராசு அவளை ஒருநாளும் பொய்யாக்கியதில்லை.

"இடதுக்குள்ள என்னமோ கிடக்கு" என்றாள் அம்மா.

அப்பா சிரித்தார். குழாய் விஷயத்தை விளக்கினார். குழாய் அரைக் கிலோகூடத் தேறாது என்றாள் அம்மா. அப்பாவுக்கு முகம் சுருங்கியது. கேப்டன் முன்னால் அம்மா எதிர்த்துப் பேசியதே இல்லை. அவர் சுவரைக் காட்டி, "பலகையப் பாரு. ஒரு ஓட்டை கிடக்கா?" என்றார்.

ஓட்டை இல்லை. எல்லா உருவத்தின் மேலும் கருவி இருந்தது.

கேப்டன் நல்ல மனுஷர். டார்ச்சும் கண்ணாடியும் எடுத்து ஓட்டை வழியாகப் பார்த்தார். உள்ளே தடுப்புகள் வைத்த அறை அறையான அமைப்பு, முதல் இரண்டு அறைதான் கண்ணுக்குத் தெரியும். ஒன்றுமில்லை. "சிஸ்டர், உங்க கை தராசுதான், ஆனா இது அட்டைப்பெட்டி இல்லையே" என்று மெதுவாகச் சொன்னார். உள்ளே போய்ப் பார்க்க வேண்டுமென்றால் தகட்டைத் திறக்க வேண்டும். திறப்பதென்றால் ஒரு வரிசை ரிவெட் முழுவதையும் துளைத்தெடுக்க வேண்டும். நான்கு வெள்ளிக்கிழமை வேலை.

"திறங்க" என்றாள் அம்மா அப்பாவிடம். "திரும்ப அடிக்கதுக்கு நான் கட்டை புடிக்கேன். திறக்காம இவர ஏத்தி விட்டுராதீங்க."

அப்பா அம்மாவின் முகத்தையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஏன், எப்படி என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. டிரில்லை எடுத்தார்.

கண்ணாடி சொல்லியும், பலகை சொல்லியும், கேப்டன் சொல்லியும் கேட்காமல், அம்மாவின் கை சொன்னதை நம்பி அப்பா பளபளவென்று பெயின்ட் அடித்த இறக்கையைத் துளைக்கிறார். நான் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா அங்கே நிற்கவில்லை, உள்ளே போய்விட்டாள்.

மத்தியானம் தாண்டிவிட்டது. கேப்டனுக்குப் போன் வந்து அவர் முற்றத்துக்குப் போயிருந்த நேரத்தில் தகட்டின் ஓரம் விடுபட்டது. அப்பா அதை மெல்லத் தூக்கிக் கையை உள்ளே விட்டார். கடைசி அறையின் மூலையில் இறுகிக் கிடந்ததை ஆட்டி ஆட்டி எடுத்தார்.

எங்கள் வீட்டு உலக்கை. இஞ்சியும் ஏலக்காயும் தட்டுகிற சின்ன உரலின் இரும்பு உலக்கை.

அப்பா அதை உள்ளங்கையில் வைத்து, அதன் தட்டையான அடியைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். முற்றத்தில் கேப்டனின் செருப்புச் சத்தம் கேட்டது. உலக்கையைப் பேன்ட் பைக்குள் போட்டுக்கொண்டார். பழைய சாமான் பெட்டியிலிருந்து ஒரு இரும்புக் கட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான்தான், கேப்டன். உள்ள விட்டுட்டேன்" என்றார் அப்பா.

கேப்டன் கட்டையையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். பலகை நிறைந்துதானே இருந்தது என்றார். அதிகப்படியாக ஒன்று வைத்திருந்தேன் என்றார் அப்பா.

"நீங்களா?" என்றார் கேப்டன்.

அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த நாளிலிருந்து வேலை முடிந்ததும் பலகையை அவரே வந்து எண்ணினார். வலது இறக்கையையும் வாலையும் அவரே ஒவ்வொரு அங்குலமாகத் தட்டிப் பார்த்தார். அப்பா, கணக்கைத் தப்பாகப் போட்ட பையன் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். பன்னிரண்டு வருஷப் பலகைப் பேச்சை அதற்கப்புறம் அவர் பேசி நான் கேட்கவே இல்லை.

அது பறந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். திரும்ப மூடி, திரும்ப பெயின்ட் அடித்து, ஒரு குளிர்காலக் காலையில் ஓடுதளத்தில் அது ஓடி, நான் கட்டைவிரலால் அழுத்திய அதே தகட்டோடு மண்ணைவிட்டு எழும்பியது. கடல் பக்கம் திரும்பி வெயிலில் மினுங்கியது. வாய் மூட மறந்து நின்றேன். பல வருஷம் இந்தக் கதையை எல்லோரிடமும் சொல்லி வந்தேன்: ஞாபகமறதிக்கார அப்பா, தராசுக் கை அம்மா. இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். அப்பா தலையை ஆட்டி ஆட்டிச் சிரிப்பார். அம்மா எழுந்துபோய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவருவாள்.

சொல்லாமல் விட்டது அந்த உலக்கையைத்தான். அன்று கேப்டன் போனபின் அப்பா அதை ஒரு செய்தித்தாளில் சுற்றி என் கையில் கொடுத்தார். "உரலுக்குள்ள வச்சிரு. யாருட்டயும் மூச்சு விடப்படாது" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. அப்பா அடுக்களைச் சாமானை ஷெட்டுக்கு எடுத்துப் போவது புதிதில்லை. தோசைத் திருப்பியால் பசை தடவுவார், டீ வடிகட்டியில் பெயின்ட் வடிப்பார், அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். இப்போது உலக்கையையும் கொண்டுபோய் உள்ளே போட்டுவிட்டார். அம்மாவுக்குத் தெரிந்தால் தொலைந்தார். அந்த ஓட்டையில் அப்பாவின் மணிக்கட்டுகூட நுழையாது என்பதைக் கண்ணால் பார்த்தவள்தான் நான். ஆனால் பார்த்ததை எல்லாம் முடிச்சுப் போடத் தெரிகிற வயதா அது?

அப்பாவை எப்படியும் காப்பாற்றிவிடுவது என்று முடிவுசெய்து, அடுக்களைக்குள் பூனை மாதிரிப் போய் உலக்கையை உரலில் வைத்தேன். திரும்பினால் அம்மா நிற்கிறாள். அவள் கண் உரலிலேயே இருந்தது.

"இது எங்க கிடந்துச்சு?"

"இங்கதாம்மா. எப்பவும் இங்கதானே இருக்கும்."

"அப்பா தந்தாங்களா? ஒண்ணும் சொல்லலையா?"

"அப்பாவுக்கு இதப் பத்தி என்ன தெரியும்?" என்றேன். அம்மாவிடம் நான் சொன்ன முதல் பெரிய பொய்.

அம்மா என்னைப் பார்த்தாள், ஷெட்டுப் பக்கத்து ஜன்னலைப் பார்த்தாள். பிறகு உலக்கையை எடுத்துக்கொண்டு தொட்டியருகே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். எனக்கு முதுகைக் காட்டி நின்றபடி கழுவினாள், கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். தோள் இரண்டும் குலுங்கின. இறக்கைக்குள் கிடந்ததில் கிரீஸ் நன்றாக அப்பியிருக்கும், வெறும் தண்ணீருக்கு அது போகாது என்று எனக்குத் தெரியும். சோப்புத்தூள் டப்பாவை எடுத்து அவள் கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தி வைத்துவிட்டு விளையாடப் போனேன்.