புளி போட்டு விளக்கிய சீமைத் தட்டுகள்

எங்கள் பெரியப்பாவுக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு மேட்டுப்பாளையம் பஸ் ஏறி, அங்கிருந்து குன்னூருக்கு மலையேறிவிடுவார். வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பங்களாக்களில் பழைய சாமான்களைக் கழித்துக் கட்டும்போது, அதில் இருக்கும் இங்கிலாந்துப் பீங்கான் தட்டுகளை வாங்கி வருவதுதான் அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம். குடித்துத் தொலைத்திருந்தாலாவது என்றைக்காவது திருந்துவார் என்று காத்திருக்கலாம் என்பார் பெரியம்மா.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. பீளமேட்டில் ஒரே வீட்டில் பெரியப்பா குடும்பமும் நாங்களும் இருந்தோம். பெரியப்பா பக்கத்து மில்லில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி. வாங்கிய தட்டைப் பழைய வேட்டியில் சுற்றி, பிறந்த குழந்தையைப் போல மடியிலேயே வைத்துக்கொண்டு மலையிறங்கி வருவார். வந்ததும் என்னைக் கூப்பிட்டு, தட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அதன் பின்னால் தன் விரல்களின் நிழல் தெரிவதைக் காட்டுவார். பிறகு விளிம்பில் நகத்தால் ஒரு சுண்டு. மணிச்சத்தம் கேட்கும். அவர் முகத்தில் வரும் திருப்தியைப் பார்க்கவே நான் போய் நிற்பேன்.

அப்படி வாங்கியவற்றில் ஆறு தட்டுகள் அவருக்கு உயிர். விளிம்பு முழுக்கத் தங்கத்தில் கொடி ஓடி, கொடியில் சின்னச் சின்ன இலைகள் துளிர்த்திருக்கும். ஒரே மாதிரியான அந்த ஆறையும் வெவ்வேறு பங்களாக்களில் தேடித் தேடிச் சேர்த்திருந்தார். யாரும் தொடக் கூடாது. துடைப்பதும் அவரேதான். தொட எங்களுக்கும் ஆசையில்லை. வெள்ளைக்காரன் மாட்டுக்கறி தின்ற எச்சில் தட்டு அடுப்படிக்குள் வரக் கூடாது என்று பெரியம்மா உத்தரவு போட்டிருந்ததால், அவை முன்னறையில் கண்ணாடி அலமாரியிலேயே கிடந்தன.

அந்த வருஷம் மில்லுக்குப் புது இயந்திரம் வந்தது. அதைப் பூட்டிக் கொடுக்க இங்கிலாந்திலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். பெரியப்பா அவரை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். அந்த ஆறு தட்டில்தான் சாப்பாடு என்றும் சொல்லிவிட்டார். அந்தத் தட்டுகளின் அருமை தெரிந்த ஒரு ஆள் எங்கள் வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை. ஒரு வாரம் அவருக்குக் கால் தரையில் படவில்லை. பெரியம்மாகூட, வெள்ளைக்காரத் தட்டில் வெள்ளைக்காரனே தின்றுவிட்டுப் போகட்டும் என்று இறங்கி வந்தார்.

இந்த இடத்தில் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வருஷம் ஊறுகாய் ஜாடி ஒன்றைக் கைதவறிப் போட்டு உடைத்திருக்கிறாள். அன்றிலிருந்து பெரியம்மாவுக்கு அதுதான் நாள்காட்டி. “ஜாடி ஒடஞ்ச வருசம்தான் தண்ணிக்குப் போர் போட்டோம்” என்பார். “ஜாடி ஒடஞ்சதுக்கு அடுத்த வருசம் இவ பொறந்தா” என்று என்னைக் காட்டுவார். ஒவ்வொரு தடவையும் அம்மாவின் தலை தானாகக் குனியும். அந்த வீட்டில் இன்னொரு பொருள் அம்மா கையால் கெட்டால் அவள் ஆயுசுக்கும் தலை நிமிர முடியாது. சின்னவளான எனக்கே அது தெரிந்திருந்தது.

சனிக்கிழமை பெரியம்மா, விருந்துக்கு நாட்டுக்கோழி பிடித்து வருவதற்காகத் துடியலூரில் இருந்த தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். பெரியப்பா மில்லில். தட்டுகளைத் தூசி தட்டி எடுத்து வைக்கலாம் என்று அலமாரியைத் திறந்த அம்மாவுக்குத் தங்கக்கொடி மங்கலாகத் தெரிந்தது. வயதான தங்கத்தின் நிறமே அப்படித்தான் என்று அவளுக்குச் சொல்ல ஆளில்லை. பெரியப்பாவிடம் முன்கூட்டியே கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்கும். ஆனால் அம்மா புருஷனின் அண்ணனிடம் நேருக்கு நேர் பேச மாட்டாள். அவர் கூடத்துக்கு வந்தால் இவள் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். எதைச் சொல்வதானாலும் நடுவில் நான்தான் தபால்காரி.

அம்மா தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். முதலில், நகையைக் கழுவுவது போலப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்தாள். பளபளப்பு வரவில்லை. அப்படியானால் குத்துவிளக்குக்குச் செய்வதுதான் என்று முடிவு கட்டி, புளியும் செங்கல்பொடியும் குழைத்து ஆறு தட்டுக்கும் அப்பி, தேங்காய் நாரால் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். நெற்றி வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. தண்ணீர் ஊற்றுவது என் வேலை.

முதல் தட்டைக் கழுவினோம். வெள்ளை வெளேரென்று இருந்தது. இரண்டாவதும் அப்படியே. ஆறையும் கழுவி வரிசையாக வைத்தபோது எங்கோ ஒரு இலை, எங்கோ அரைக்கொடி, அவ்வளவுதான் மிச்சம்.

“தங்கம் எங்க கண்ணு போச்சு?” என்றாள் அம்மா, என்னவோ நான் எடுத்து வைத்திருப்பது போல.

எனக்கு அது குறையாகவே தெரியவில்லை. அழுக்கு மஞ்சள் போய்த் தட்டுகள் அன்றைக்குத்தான் கடையில் வாங்கியவை போல மின்னின. அம்மாவைவிட நன்றாக விளக்க ஊரில் ஆளில்லை என்று பெருமையாக இருந்தது.

முதலில் வந்தது பெரியப்பா. புறவாசலில் தட்டுகளைப் பார்த்தார். அம்மா சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். ஒரு தட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த நாரையும் புளிச் சக்கையையும் பார்த்தார். கதவுக்கு அடியில் தெரிந்த அம்மாவின் சேலை விளிம்பையும் பார்த்தார். குனிந்து நாரையும் புளியையும் அள்ளி மதிலுக்கு அந்தப்புறம் எறிந்துவிட்டுக் கையைக் கழுவினார். அப்போது பெரியம்மா கோழியோடு உள்ளே வந்தார்.

“ஏனுங்க, இதென்னங்க தட்டு இப்படி மொட்டையா இருக்குது? ஆரு கை வெச்சது?” கண் அதற்குள் சமையலறைப் பக்கம் திரும்பிவிட்டது.

“நாந்தான்” என்றார் பெரியப்பா. “மில்லுல மெசினு தொடைக்கிற மருந்தக் கொண்டாந்து கழுவுனேன். காரம் சாஸ்தியாப் போச்சாட்டிருக்குது.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “இல்லீங்க பெரியப்பா, அம்மாதான்...”

“அம்மணி, நீ போயி நல்ல வாழையெலையாப் பாத்து வெச்சுட்டு வா. நாளைக்கு எலச் சாப்பாடுதான்” என்று என் தோளைப் பிடித்துத் தோட்டத்துப் பக்கம் திருப்பிவிட்டார்.

“ஊரு மெசினெல்லாம் பாக்கறவருக்கு ஒரு தட்டுக் கழுவத் தெரியல” என்று பெரியம்மா சொன்னது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வியர்க்க விறுவிறுக்க விளக்கியது அம்மா, பேர் வாங்கிக்கொள்வது இவரா? திரும்பி வந்தபோது அம்மா அடுப்பின் முன்னால் அழுதுகொண்டிருந்தாள். அதே வருத்தமாகத்தான் இருக்கும் என்று, “நான் போயிப் பெரியம்மாகிட்ட நெசத்தச் சொல்லட்டுமா?” என்றேன். அம்மா பதறி என் வாயைப் பொத்தினாள். “வாயத் தொறக்காத கண்ணு. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

மறுநாள் இன்ஜினியர் வந்தார். காலை மடக்கத் தெரியாமல் ஒருக்களித்து உட்கார்ந்தார். இலையை விட்டு ஓடிய ரசத்துக்குக் கையால் அணை கட்டினார். எல்லோரும் சிரித்தோம். அலமாரியின் கண்ணாடிக்கு மேல் பழைய சேலை ஒன்று தொங்கியது. பெரியப்பா இயந்திரத்தைப் பற்றியே பேசினார், ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. அம்மா விளக்கிய தட்டுகளை அவர் வேண்டுமென்றே மறைக்கிறார் என்று அன்று எனக்குக் கோபம்தான் வந்தது.

பெரியம்மாவின் நாள்காட்டியில் புது வருஷம் ஒன்று சேர்ந்தது. “இவரு தட்டக் கழுவிக் கெடுத்த வருசம்” என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பெரியப்பா ஒரு நாளும் மறுத்ததில்லை. ஜாடிக் கதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோனது.

விருந்தாளி போன அன்று சாயங்காலம் பெரியப்பா ஒரு வெள்ளைத் தட்டை எடுத்துச் சுண்டிப் பார்த்தார். “சத்தம் அப்படியேதான் இருக்குது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே வைத்தார். பிறகு பேக்கரிக்குப் போய், மேலே சர்க்கரை தூவிய தேங்காய் பன் வாங்கி வந்து என்னிடம் நீட்டினார்.

“எனக்கு வேண்டாம். அம்மா செஞ்ச வேலைய நீங்க செஞ்சதாச் சொன்னீங்கல்ல?” என்றேன்.

பெரியம்மா பக்கத்தில் இல்லையே என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். சிரித்தார். “செரி கண்ணு. அப்ப செஞ்சவீங்ககிட்டயே குடுத்துரு.”

நியாயம் ஜெயித்துவிட்டது என்ற மிடுக்கோடு சமையலறைக்குப் போனேன். “நீதான் வெளக்குனேன்னு ஒத்துக்கிட்டாரு. உனக்குத்தான் குடுக்கச் சொன்னாரு” என்றேன். அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்து, பன்னை இரண்டு கையாலும் வாங்கி, கண்களில் ஒற்றிக்கொண்டாள். திருநீற்றை வாங்கினால்தான் அப்படிச் செய்வாள். பன்னைப் போய் எதற்கு ஒற்றிக்கொள்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வேறு வந்தது. சர்க்கரை பட்டிருக்கும் என்று நினைத்து ஊதிவிட்டேன்.