கீழுதட்டைக் கடித்தவர்

மெல்பேர்னில், ஆங்கிலத்தைத் தாமாகவே கற்பவர்களுக்கான பல்கலைக்கழகக் கூடமொன்றில் நான் உதவியாளனாக இருந்தேன். கிடங்கு வேலைச் சட்டையோடு வரும் ஒல்லியான யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவர், கைக்கண்ணாடி முன் கீழுதட்டைக் கடித்துக் கடித்து ‘எஃப்’ ஒலியைப் பழகுவார். கிடங்கில் சரக்குத் தூக்கும் வண்டியான ஃபோர்க்லிஃப்ட்டை ஒருமுறை ‘போர்க்லிப்ட்’ என்றுவிட்டாராம். அன்றிலிருந்து சூப்பர்வைசர் அவரைக் கூப்பிடுவதே ‘போர்க்’, அதாவது பன்றியிறைச்சி, என்றுதான்.

“முறைப்பாடு எழுதுவமா அண்ணை?” என்றேன்.

“வேண்டாம் தம்பி. ஒருநாள் நான் அவனுக்கு மேல வருவன். அண்டைக்கு அவனை வேலையால நிப்பாட்டேக்க ‘யூ ஆர் ஃபயர்ட்’ எண்டு சொல்லோணும். ‘பயர்ட்’ எண்டு வந்தா அவன் சிரிச்சுப்போடுவான்.”

கண்ணாடியை நன்றாகத் துடைத்துக் கொடுத்தேன்.

சில வாரங்களில் எஃப் சுத்தமாக வந்துவிட்டது. உதட்டைக் கடிப்பதை மட்டும் அவர் விடவேயில்லை.