சோக்குக் கோடு

பெல்மதுளையில் என் கராஜுக்கு வந்துகொண்டிருந்த, நான் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர், மாணிக்கக்கல் வெட்டுகிறவர். எதையும் ஒற்றைக் கண்ணை மூடித்தான் பார்ப்பார்.

கூரை திறக்கும், இரண்டு பேர் மட்டும் உட்காரும் சின்னக் கார் அவருடையது. றக்வான ஏற்றத்தில் அது திணறுகிறதென்று, பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுற்றும் ரோட்டரி எஞ்சின் ஒன்றை வாங்கி என்னிடம் இறக்கிவைத்திருந்தார். அதைப் பொருத்த, முன்பக்கக் குறுக்குச் சட்டத்தில் ஒரு துண்டை வெட்ட வேண்டும்.

வாரா வாரம் வந்து, பொனட்டைத் திறந்து, சட்டத்தில் சோக்குக் கட்டியால் வெட்டும் இடத்தைக் கோடு போடுவார். அடுத்த வாரம் அதை அழித்துவிட்டு வேறு கோடு.

"எப்பதான் நானா வெட்டுறது?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"உள்ளுக்கு எங்க கீறல் இரிக்கின்னு பாக்காம நான் ஒண்டையும் வெட்டுறல்ல தம்பி."

"இது கல் இல்லயே நானா, இரும்பு."

"அதான் பயம். கல்ல வெளிச்சத்துல புடிச்சா உள்ளுக்குத் தெரியும். இதுல ஒண்டும் தெரியுதில்லயே."

அன்றும் வெட்டாமல், பழைய எஞ்சினிலேயே திணறிக்கொண்டு போனார். நான் சிரித்தேன்.

இப்போதெல்லாம் எந்த வண்டியின் சட்டத்தை வெட்டுவதற்கு முன்பும் டோர்ச் அடித்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்க்கிறேன். இரும்புதான் தெரிகிறது.